சூப்பர்வைசரின் கழுத்து

என் இடது கண் ஏன் பாதி மூடியே இருக்கிறது என்று நீங்கள் ரெண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். சின்னவன் ஒரு தடவை பக்கத்து வீட்டில் போய் "எங்கப்பா எல்லாரையும் பாத்து கண்ணடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டு அம்மா ஒரு வாரம் என் எதிரிலேயே வரவில்லை. நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு மனிதர் என் கழுத்தைத் திருப்பினார். கண் இப்படி ஆனதும், குரல் தகரத்தில் தேய்த்த மாதிரி ஆனதும், வலது கைக்குச் சூடு தெரியாமல் போனதும் அதற்குப் பிறகுதான். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. பெரிய மனசு வேண்டும் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள், அது நல்லதுதான். நான் நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயசு. காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் இறங்குவேன். தையல் லைன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதைத் தைக்கிற மெஷினில் பதினோரு வருஷம். ஊசியையும் தோலின் ஓரத்தையும் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் தலையைக் குனிந்திருக்க வேண்டும். எங்கள் லைனில் கழுத்து வலி இல்லாதவர் யாரும் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் தைல வாடைதான் முதலில் வரும், அப்புறம்தான் ஆள் தெரிவார்கள்.

எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு நெட்டி எடுக்கத் தெரியும் என்று பேர். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, டக் டக் என்று சத்தம் வர வைப்பார்களே, அதுதான். அவர் யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. சலூனில் பார்த்தது பாதி, போனில் வீடியோ பார்த்தது பாதி. (அவர், இவர் என்று எழுதுவது மரியாதையால் இல்லை. பதினோரு வருஷப் பழக்கம், கை அப்படித்தான் எழுதுகிறது.)

கேட் பாஸ் புத்தகம் அவரிடம்தான் இருக்கும். வேலை நேரத்தில் வெளியே போக வேண்டும் என்றால் அவர் கையெழுத்து வேண்டும். கழுத்து வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று போய் நின்றால் புத்தகத்தை எடுக்கவே மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

"இன்னா, கழுத்தா? டாக்டரண்ட போனா இன்னா பண்ணுவான்? எக்ஸ்ரே எடுப்பான், கழுத்துல பட்டை மாட்டி உட்டுடுவான். ஒரு மாசம் ஒட்டகம் மாதிரி சுத்துவ. உக்காருடா கண்ணு, ரெண்டே சொடக்கு."

ஆள் வெளியே போகாது, லைன் நிற்காது, டார்கெட் குறையாது. இது எனக்கு அப்போது புரியவில்லை. அவர் பாசத்தில் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். டீ டைமில் ஆம்பளைகள் நாலைந்து பேர் வரிசையில் நின்று எடுத்துக்கொள்வோம். "சாருக்குக் கை ராசி" என்று நானே புதுசாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கிறேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஷிப்மென்ட் வாரம் ஒன்றில் இடது பக்கம் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் உடம்போடு திரும்ப வேண்டும். கேட் பாஸ் கேட்டேன். ஸ்டூல் வந்தது. ஒரு உள்ளங்கை என் தாடைக்குக் கீழே, இன்னொன்று பின்மண்டையில். வலது பக்கம் திருப்பினார், வழக்கமான சத்தம். இடது பக்கம் திருப்பினபோது சத்தம் பெரிசாக வந்தது. பிடரியிலிருந்து காதுக்குப் பின்னால் வரைக்கும் யாரோ ஊசியை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. நான் "அம்மா" என்றேன்.

"பாத்தியா சத்தத்த! எத்தினி நாள் வாயு உள்ள இருந்திச்சோ, எல்லாம் வெளிய போச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தேன்.

அன்றும் மறுநாளும் பின்மண்டை வலி. தலையணை வைத்தால் வலி, எடுத்தால் வலி. மூன்றாம் நாள் காலை பத்தரை இருக்கும். ஊசி ரெண்டாகத் தெரிந்தது. பிறகு ஃப்ளோரே சுற்றியது. எழுந்து நின்றேன், இடது பக்கமாகச் சாய்ந்து அட்டைப்பெட்டிகள் மேல் விழுந்தேன். வாந்தி. அதோடு விக்கல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை.

இங்கேதான் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணினோம். எங்கள் ஃப்ளோரில் யாருக்குத் தலை சுற்றினாலும் ஒரே பேச்சுதான்: "சொல்யூஷன் ஏறிடுச்சு." தோல் ஒட்டுகிற பசையைத்தான் சொல்யூஷன் என்போம். அதன் வாடை மண்டைக்கு ஏறும். புதுசாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் இப்படித்தான் சுருண்டு விழுவார்கள். அதற்கு ஒரு கைவைத்தியமும் இருக்கிறது. ஃபேனுக்கு அடியில் படுக்க வை, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடு, மோர் ஊற்று. ஒரு மணி நேரத்தில் ஆள் தெளிந்து மெஷினுக்குப் போய்விடும். வேறு வேலை செய்கிறவர்களாக இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்களுக்குத்தான் காரணம் தெரிந்திருந்ததே. பதினோரு வருஷம் அந்த வாடையில் உட்கார்ந்தவனுக்கு இன்றைக்கு ஏன் ஏறியது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. சொல்யூஷன்தான், தெளிந்துவிடும் என்று படுத்துக் கிடந்தேன்.

சூப்பர்வைசரே மோர் எடுத்து வந்து வாயில் ஊற்றினார். தொண்டை அதை வாங்கவில்லை. மூக்கு வழியாக வந்தது, மூச்சு அடைத்தது. "குடிக்கத் தெரியல பாரு, குழந்த மாதிரி" என்று சிரித்தார்.

எதிர் மெஷினில் ஒரு அக்கா தைப்பார்கள். வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஆபா என்று கூப்பிடுவோம். அவர்கள்தான் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சார், இது சொல்யூஷன் இல்ல. சொல்யூஷன் ஏறினா கண்ணு ஒண்ணு மட்டும் தொங்குமா? வண்டி எடுக்கச் சொல்லுங்க."

"ஆபா, நீ போய் மெஷினைப் பாரு. ஏற்கனவே ஜோடி கம்மியா போவுது. அவன் எழுந்திருச்சிடுவான்."

"எழுந்திருக்க மாட்டான். நான் சொல்றேன் கேளுங்க."

"நீ இன்னா டாக்டருக்கா படிச்ச?"

ஆபா தன் இடத்துக்குப் போனார்கள். தன் மெஷினை நிறுத்தினார்கள். பக்கத்து மெஷின் பெண்ணைப் பார்த்தார்கள், அவளும் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக அந்த வரிசை முழுக்க நின்றது. லைன் நின்ற பிறகுதான் வண்டி வந்தது. அப்போது மணி ஒன்று. பத்தரையிலிருந்து ஒன்று வரைக்கும் நான் தோல் கட்டுகளுக்கு நடுவில் கிடந்தேன். பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இந்த வியாதியில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்று.

வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சூப்பர்வைசரும் கூட வந்தார். என்னைத் தூக்கினார், தள்ளுவண்டியைத் தள்ளினார், ஓடினார். அதை மறைக்கவில்லை. உங்கள் அம்மா இன்னும் வந்து சேரவில்லை. இளம் வயசு டாக்டர் அம்மா ஒருவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு கூட இருந்தவரைப் பார்த்துக் கேட்டார்: "கீழ விழுந்தாரா? கழுத்துல அடி பட்டுதா? யாராவது கழுத்தைப் பிடிச்சுத் திருப்பினாங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லையே தவிர காது நன்றாகக் கேட்டது. புத்தியும் தெளிவாக இருந்தது. இந்த வியாதி மூளையின் பின்பக்கத்தில் வந்ததால் அப்படி.

சூப்பர்வைசர் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். பைக்ல போவான் வருவான், எங்கியாவது பள்ளத்துல தூக்கிப் போட்டிருக்கும்."

நான் பைக்கில் வேலைக்குப் போனதே கிடையாது.

அவர் கழுத்தைத் திருப்பினது தெரியாமல் செய்த காரியம். அதோடு போயிருந்தால் நான் ஒருவேளை ஆறியிருப்பேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டே படுத்திருக்க, என் முகத்துக்கு நேராக அந்தப் பொய்யைச் சொன்னாரே, அது தெரிந்து செய்தது. விக்கலோடு விக்கலாக அன்றைக்கே முடிவு பண்ணினேன். பிழைத்தால் இவரை விடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள் பேனா பிடிக்க முடிந்தது. வலது கையில் பலம் போகவில்லை. "சூப்பர்வைசர் கழுத்தைத் திருப்பினார்" என்று எழுதி டாக்டர் அம்மாவிடம் காட்டினேன். அவர் ஸ்கேன் படத்தை என் கட்டிலுக்கே கொண்டு வந்து விளக்கினார். கழுத்து எலும்புக்குள் நுழைந்து மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று. அதன் உள்சுவர் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் புகுந்து சுவர் வீங்கி வழியை அடைக்கும், அங்கே ரத்தம் கட்டித் துணுக்காகி மேலே போய் மாட்டும். எனக்கு உடனே புரிந்தது. ஷூவுக்குள் லைனிங் சரியாக ஒட்டாமல் உரிந்து சுருட்டிக்கொண்டால் வெளியே பார்க்க ஷூ பளபளப்பாகத்தான் இருக்கும், கால் உள்ளே போகாது. என் கழுத்துக்குள் லைனிங் உரிந்துவிட்டது. நான் அதைப் பேப்பரில் எழுதிக் காட்டினேன், அவர் "கரெக்ட்" என்றார்.

"இதனாலதான்னு எழுதித் தருவீங்களா?" என்று அடுத்த வரி எழுதினேன்.

அவர் படத்தை உறைக்குள் போட்டார். "சின்ன வயசுல வர்ற பக்கவாதத்துக்கு இது ஒரு காரணம். கழுத்தைத் திருப்பினதால கிழிஞ்சிருக்கலாம். ஆனா சில பேருக்குத் தானாவே கிழியும். ஏற்கனவே உங்களுக்கு வலி இருந்திருக்கு, அப்பவே லேசா கிழிய ஆரம்பிச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. நூத்துக்கு நூறு இதனாலதான்னு நான் எழுத முடியாது. திருப்பினாங்கன்னு நீங்க சொன்னதை எழுதிக்கிறேன்" என்றார். நேர்மையான மனுஷி. எனக்குத்தான் அந்த நேர்மை அன்றைக்குப் பிடிக்கவில்லை.

மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தேன். சின்னவன் யானை என்று பயந்து என் பக்கத்தில் வர மாட்டான். பெரியவள்தான் குழாயில் கஞ்சி ஊற்றும்போது மணி பார்ப்பாள். தெருவில் நடந்தால் இடது பக்கமாகவே இழுக்கும். அதனால் உங்கள் அம்மா எனக்கு இடது பக்கம் சுவர் மாதிரி நடந்து வருவாள். ஒரு நாள் கொதிக்கிற சோற்றுப் பானையை வலது கையால் பிடித்து இறக்கிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா அலறின பிறகுதான் கையைப் பார்த்தேன், தோல் வெந்து போயிருந்தது. அந்தக் கையில் சூடும் தெரியாது, வலியும் தெரியாது, தொட்டால் மட்டும் தெரியும்.

எச்சில் விழுங்கப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று. நான் ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரின் முகத்தை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். ஆறு மாசத்தில் குழாய் இல்லாமல் சோறு சாப்பிட்டு, பிடிக்காமல் நடந்து, மாதனூர் ரோடு வரைக்கும் போய் வந்தேன் என்றால் அது மாத்திரையால் பாதி, ஆத்திரத்தால் பாதி. அவர் ஸ்கூட்டர் சீட்டில் ஒரு டின் சொல்யூஷனை ஊற்றி வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஒட்டிக்கொண்டு அவர் எழுந்திருக்க முடியாமல் தவிப்பதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். என் சிரிப்பு அப்போது இருமல் மாதிரி இருக்கும். அம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

அவர் ஒரு தடவை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். உங்கள் ரெண்டு பேருக்கும் சாக்லேட் கொடுத்தார்.

"சொல்யூஷன் உனக்கு ஒத்துக்கலப்பா. பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிட்டேன். அங்க வாடை கம்மி."

"நீங்க திருப்பினது சார்" என்றேன், வந்த குரலில்.

"குழா கிழிஞ்சிதுன்னு சொன்ன டாக்டரே எழுதிக் குடுக்கலியாமே. ஆயிரம் பேருக்கு எடுத்திருக்கேன், உனக்கு மட்டும் இன்னா வந்திச்சு? உடம்புல ஏற்கனவே இருந்திருக்கும்" என்று சொல்லி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: "உயிரோட இருக்க. அதப் பாரு. அந்த ஆளப் போட்டு மனசுல ஆட்டாத. விட்டுடு."

"உனக்கென்ன, கழுத்து உன்னுதா?" என்று கேட்டுவிட்டேன். ஆறு மாசம் என்னைத் தூக்கிச் சுமந்தவளிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இந்த முழுக் கதையில் நான் வெட்கப்படுகிற இடம் அது ஒன்றுதான்.

எட்டாவது மாசம் வேலைக்குத் திரும்பினேன். பேக்கிங் டேபிள் தையல் லைனுக்கு நேர் கோடியில் இருந்தது. ஷூவுக்குள் காகிதம் திணிப்பது, பெட்டியில் சைஸ் லேபிள் ஒட்டுவது. என் வேலையைச் செய்துகொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெட்டி எடுப்பதை நிறுத்தவில்லை. டீ டைம் மணி அடித்தால் ஸ்டூல் வந்துவிடும். எனக்கு வந்தது பிரஷராம், சொல்யூஷனாம், பரம்பரையாம். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார். எங்கள் அப்பன், தாத்தன் யாருக்கும் இது வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ டைமில் வெட்டுகிற செக்‌ஷனிலிருந்து வந்த ஒருத்தன், கல்யாணம் ஆகி மூணு மாசம் ஆனவன், ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் டேபிளை விட்டு அங்கே போனேன்.

"எழுந்திருப்பா. வேணாம்" என்றேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். "வந்துட்டாருடா பெரிய டாக்டரு. டேய், நீ உன் வேலயப் பாரு. இவனுக்கு வந்தது வேற. நெட்டி எடுத்தா இன்னாடா ஆவும்? ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதா சார்?"

"ஒண்ணும் ஆவாது."

"அப்ப நீங்க உக்காருங்க. நான் எடுத்து உடறேன். காலைல நீங்களே கழுத்து புடிச்சிக்கிச்சின்னு சொல்லிக்கினு இருந்தீங்களே."

இதை நான் முன்கூட்டியே திட்டம் போடவில்லை. ஸ்கூட்டர், டின் என்று எட்டு மாசம் போட்ட திட்டம் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. அந்த நிமிஷம் வாயில் வந்தது இதுதான். சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். "உக்காருங்க சார்! சாருக்கு ஒரு நாள் சர்வீஸ் பண்ணட்டும்!" அவருக்கு வேறு வழி இல்லை. மாட்டேன் என்றால் பயப்படுகிறார் என்று ஆகிவிடும். பயப்பட என்ன இருக்கிறது என்று இத்தனை பேரிடம் சொன்னவரே அவர்தான்.

உட்கார்ந்தார். நான் அவர் பிடித்த மாதிரியே பிடித்தேன். வலது உள்ளங்கை தாடைக்குக் கீழே, இடது கை பின்மண்டையில். வலது கையில் அவர் கன்னத்துச் சூடு தெரியவில்லை. டேபிளில் கிடக்கிற தோல் மாதிரி இருந்தது. இடது கையில் மட்டும் அவர் பிடரியின் சூடு தெரிந்தது.

மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். "டேய், கூசுதுடா" என்றார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சிரிப்பு நின்றது. இதற்கு மேல் போகாது என்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்கு மேல் ஒரு வெட்டு வெட்டித் திருப்பினால் சத்தம் வரும்.

"மெதுவாடா..."

"மெதுவாத்தான் சார். எனக்கு எடுத்தீங்களே, அதே மாதிரி."

"போதும். விடு."

"ஒண்ணும் ஆவாது சார். நீங்கதானே சொன்னீங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பிராண்டினார். எனக்கு வலிக்கவில்லை, அந்தக் கைதான் வலியை மறந்த கையாயிற்றே. நான் பிடித்த பிடியை விடவில்லை.

"விட்றா! டேய் விட்றா! குழா கிழிஞ்சிடும்டா, எனக்கும் உன்ன மாதிரி ஆயிடும்டா!"

ஃப்ளோர் முழுக்கக் கேட்டது. விசில் அடித்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஆபா மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்றார்கள்.

நான் உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. எனக்குத் திருப்ப வேண்டும் என்றுதான் இருந்தது. நான் பிடியை விட்டது நல்ல மனசால் இல்லை. எனக்கு வேண்டியது அவர் வாயாலேயே வந்துவிட்டது, அதற்கு மேல் அந்தக் கழுத்து எனக்கு எதற்கு என்று தோன்றியது. கையை எடுத்தேன். கல்யாணம் ஆனவன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

மறுநாளே அவர் பேச்சை மாற்றினார். பயத்தில் ஏதோ உளறிவிட்டாராம். அதோடு நிற்காமல் ஆத்திரத்தில் மேனேஜரிடம் என் மேல் புகார் எழுதிக் கொடுத்தார். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "விளையாட்டுக்குப் பண்ணேன்னு சொல்லிடு. வேல போச்சுன்னா இந்த உடம்ப வெச்சிக்கினு எங்க போவ?" நான் சட்டையை விடுவித்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் புகாரைச் சத்தமாகப் படித்தார். சூப்பர்வைசரின் கையெழுத்தில், நீல மையில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நடுவில் இந்த வரி வந்தது: "கழுத்தை வேகமாகத் திருப்பினால் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரும், உயிருக்கே ஆபத்து என்று நன்கு தெரிந்திருந்தும் இவர் என் கழுத்தைத் திருப்ப முயன்றார்."

"சார், அந்த வரிய இன்னொரு தடவ படிங்க" என்றேன்.

படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜரின் குரல் இறங்கியது. சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. தான் என்ன எழுதினோம் என்று.

"சார், அந்தப் பேப்பரக் குடுங்க. வேற எழுதித் தர்றேன்" என்று கையை நீட்டினார்.

"வாங்கிக்கிட்டோம்னு சீல் போட்டாச்சே" என்றார் மேனேஜர். கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து அன்பாகவே சொன்னார்: "இத வளக்க வேணாம்ப்பா. நீ விளையாட்டுக்குத்தான் புடிச்சேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. அவர் புகாரை வாபஸ் வாங்கிக்கட்டும். ரெண்டு பேப்பரையும் கிழிச்சுப் போட்டுடலாம். இல்லன்னா உன் மேல நடவடிக்கை எடுத்தே ஆவணும்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "கண்ணு..." என்றார். அதுவரைக்கும் அவர் என்னைக் கெஞ்சிப் பார்த்ததில்லை. எழுதினால் என் வேலை நிற்கும், அந்தப் பேப்பர் போய்விடும். எழுதாவிட்டால் வேலை போகலாம், பேப்பர் நிற்கும். உங்கள் ரெண்டு பேர் முகமும் அப்போது வந்தது. பள்ளிக்கூடம், மாத்திரை, அரிசி எல்லாம் வந்தது. அதையெல்லாம் தாண்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொன்ன அந்தக் குரல் வந்தது.

பேனா கேட்டு வாங்கினேன். "விளையாட்டு இல்லை. திருப்பத்தான் பிடித்தேன். இவர் எட்டு மாதம் முன்பு என் கழுத்தைத் திருப்பினார். திருப்பினால் என்ன ஆகும் என்று இவரே தன் கையால் எழுதியிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் புகாருக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"என் மேலதான சார் புகார். எனக்கு ஒண்ணு வேணும்ல."

மறுக்க முடியவில்லை, எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பத்து நாள் சஸ்பெண்ட். அவரைத் தோல் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே கேட் பாஸ் புத்தகமும் கிடையாது, ஸ்டூலும் கிடையாது. ஃப்ளோரில் யாரும் யாருடைய கழுத்தையும் தொடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜெராக்ஸில் ரெண்டு மூணு எடுத்து ஒன்றை ஆபாவிடம் கொடுத்தேன். அடுத்த செக்கப்பில் டாக்டர் அம்மாவிடமும் ஒன்று கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. என் ஃபைலில் குத்தி வைத்துக்கொண்டார்.

அந்தப் பத்து நாளும் ஏன் வீட்டில் இருக்கிறேன் என்று நீங்கள் கேட்டபோது, கம்பெனி லீவு என்று சொன்னேன். அம்மா அப்படிச் சொல்லச் சொன்னாள். அது பொய். நான் தண்டனை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாசத்துக்குப் பிறகு அந்தப் பத்து நாள்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.